வேகக் காருக்குப் பிரேக் பேட் தெரிந்தெடுத்தல்

நம்மவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். கடைக்கு ஒரு வேன், வீட்டுக்கு ஒரு கார் என்றிருந்த நிலை மாறி, வாலிபப் பிள்ளைக்கென்று வேகமான கார் ஒன்றும் இப்போது வாசலில் நிற்கக் காண்கிறோம். அது 1998-ல் வெளிவந்த பழைய ஸத்ரியா ஜி.டி.ஐ. ஆனாலும் சரி, கோல்ப் ஜி.டி.ஐ., சிவிக் டைப் ஆர் ஆனாலும் சரி, பந்தயத்துக்கென்று வாங்கப்பட்டதல்ல. அதே கார்தான் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறது. ஈப்போ டவுன் நெரிசலில் ஊர்கிறது. விடுமுறை வந்தால் கேமரன் மலைக்கு ஏறி இறங்குகிறது. இத்தகைய காரில் பிரேக் பேட் தேய்ந்து போனால் புதிதாக எதை வாங்கிப் போடுவது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

மோட்டார் சாமான் கடைக்கு இக்கேள்வியோடு வருபவர்கள் இரு சாரார். "பந்தயக் காருக்குப் போடுகிறார்களே, அந்தப் பேட் கொடுங்கள்" என்பார் ஒரு சாரார். "பேட் தானே, எது மலிவோ அதைக் கொடுங்கள்" என்பார் மற்றவர். இவ்விருவரில் முன்னவரே விவரம் தெரிந்தவர் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. விலை கொடுத்து ஆபத்தை வாங்குகிறவர் பல சமயங்களில் அவரே. ஏனென்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பிரேக் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். ஓடும் வண்டியின் வேகத்தை உஷ்ணமாக மாற்றி அதைக் காற்றில் விடுவது. 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அதை நிறுத்தும்போது உண்டாகும் உஷ்ணம் சுமார் 560 கிலோஜூல். தே தாரேக் கடைக்காரருக்குப் புரியும்படி சொன்னால், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் உஷ்ணம் அது. கெட்டில் அதைச் செய்யப் பல நிமிஷம் எடுக்கும். பிரேக்கோ நான்கைந்து விநாடியில் செய்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகம் பாதியானால் உஷ்ணம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஆனபடியால் 55-ல் ஊர்கிறவருக்கும் 110-ல் பறக்கிறவருக்கும் பிரேக்கின் சுமையில் நான்கு மடங்கு வித்தியாசம் உண்டு.

இனி மலைப் பாதைக்கு வருவோம். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாப்பாவுக்கு இறங்கினாலும், கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கினாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே வந்தாக வேண்டும். நாம் சொன்ன அதே 1,200 கிலோ காரை ஆயிரம் மீட்டர் இறக்கினால் வெளிப்படும் சக்தி, 110 வேகத்தில் வரும் காரை இருபத்தோரு தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினும் ஒரு பங்கைத் தாங்கும். கியரை 'டி'யில் விட்டு, காலைப் பிரேக்கின் மேலேயே வைத்து இறங்கினாலோ மீதியெல்லாம் அந்த நாலு ஜோடிப் பேட்களின் தலையில்தான். கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கத்தைக் கடந்து ஈப்போவுக்கு இறங்கும் நெடுஞ்சாலைச் சரிவில் கனரக லோரிகள் பிரேக் பிடிக்காமல் போன செய்திகளை நம்மூர்க்காரர் எல்லோரும் கேட்டிருக்கிறோம். காரணம் இந்த உஷ்ணக் கணக்கேயன்றி வேறல்ல.

பிரேக்கின் சரித்திரமும் இறக்கத்தில்தான் ஆரம்பித்தது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப் பக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் மரப் பிரேக் கட்டையின் மேல் பழைய பூட்ஸ் தோலை வைத்துச் சரிவில் இறங்குவதைக் கண்டு, அதற்கென்றே ஒரு பொருளைச் செய்யலாமே என்று 1897-ல் தொழில் தொடங்கினார். அவர் பெயரின் எழுத்துகளை முன்பின்னாக மாற்றி, மனைவியின் பெயரிலுள்ள முதலெழுத்தையும் சேர்த்ததே இன்று நாம் பெட்டிகளில் பார்க்கும் 'ஃபெரோடோ' என்னும் பெயர். பிற்பாடு அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் சேர்த்துப் பேட்களும் லைனிங்குகளும் செய்யப்பட்டன. உஷ்ணத்தைத் தாங்கியது, ஆனால் அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கியது. பிரிட்டன் 1985-ல் நீல, பழுப்பு வகைகளையும் 1999-ல் வெள்ளை வகையையும் தடை செய்தது. இன்று பேட் வாங்குகிறவர் 'அஸ்பெஸ்டாஸ் இல்லை' என்ற வாசகம் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டறையில் பழைய பேட்டின் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுகிற போர்மன்களுக்கும் ஒரு சொல்: அப்பா, ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். பழைய வண்டியில் என்ன பேட் போட்டிருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

டன்லப் என்றவுடன் நமக்கு டயரும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களும் நினைவுக்கு வரும். டிஸ்க் பிரேக்குக்கு உலகப் புகழ் தேடித் தந்ததும் அக்கம்பெனியே. 1953-ம் வருஷம் பிரான்சு தேசத்தில் லெ மான் என்னுமிடத்தில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்குடன் ஓடி வெற்றி பெற்றன. டிரம் பிரேக் போட்ட கார்கள் உஷ்ணத்தால் சோர்ந்து, வளைவுக்கு வெகு முன்பாகவே வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஜாகுவாரோ வளைவின் கிட்டே வந்து பிரேக் பிடித்தது. பந்தயத்தில் பிரேக் வேகத்துக்கு விரோதியல்ல, துணை என்பது அன்று தெரிந்தது.

ஆனால் பந்தயக் காருக்கும் நம் காருக்கும் உள்ள பேதம் என்ன? பந்தயத்தில் பிரேக் குளிர்வதேயில்லை. ஓட்டுநர் முதல் சுற்றில் அதைச் சூடேற்றிக்கொண்ட பிறகே முழு வேகத்தில் போகிறார். பந்தயத்துக்கென்று செய்த பேட்களில் பல, இருநூறு டிகிரி அளவுக்குச் சூடான பின்புதான் சரியாகப் பிடிக்கத் தொடங்கும். சுபுஹுக்குப் புறப்படுகிறவரின் பேட் எத்தனை டிகிரியில் இருக்கும்? இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி அது. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தால், அந்த முதல் மிதியிலேயே பிடித்தாக வேண்டும்; சூடேற்றிக்கொள்ள அவகாசமில்லை. இவையன்றி, குளிர்ந்த நிலையில் பந்தயப் பேட் கிறீச்சிடும். டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். ஆகவே தினமும் ஓடும் காருக்கு, எவ்வளவு வேகமான காரானாலும், பந்தயப் பேட் வேண்டாம் என்பது நம் முடிவான அபிப்பிராயம். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

மறுபுறம், மலிவான சாதாரணப் பேட் காலையில் நன்றாகப் பிடிக்கும். மலையிறக்கத்தில் பாதியில் கைவிடும். அதிலுள்ள பிசின் அளவு மீறிச் சூடானால் ஆவி கக்கும். அந்த ஆவி பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நின்று உராய்வைக் கெடுக்கும். அப்போது மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். மிதி கெட்டியாயிருந்து வண்டி நிற்காவிட்டால் குற்றம் பேட்டில். மிதி பஞ்சுபோல் அமிழ்ந்து தரை தொட்டால் குற்றம் பிரேக் எண்ணெயில். எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டுவிட்டது என்று பொருள். வியாதி இரண்டு, மருந்தும் இரண்டு. எண்ணெய் கெட்டுப்போன வண்டிக்கு உலகத்திலேயே உயர்ந்த பேட்டைப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

எண்ணெயைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுவோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்பது புதிதாயிருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் 140 தாங்கினால் போதும் என்று விதி. டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர் போன தைப்பிங் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஈரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. இரண்டு வருஷத்துக்கொரு முறை எண்ணெயை மாற்றுவது செலவல்ல. டாட் 5 என்று தனியே ஒன்றுண்டு; அது சிலிக்கோன் வகை. 5.1-ம் அதுவும் ஒன்றென்று நினைத்துக் கலந்துவிடக் கூடாது.

பேட்டின் வகைகளைப் பார்ப்போம். நாரும் பிசினும் கலந்த ஆர்கானிக் வகை மிருதுவானது, சத்தமில்லாதது, ஆனால் உஷ்ணத்துக்கு அஞ்சும். இரும்புத்தூளும் நாரும் மிகுதியாகச் சேர்ந்த செமி-மெட்டாலிக் வகை உஷ்ணத்தைத் தாங்கும். கரிய தூசியை வீலில் அப்பும். சிறிது சத்தமும் போடும். செராமிக் என்று விற்கப்படுவது தூசி குறைந்தது, அமைதியானது. டவுனில் ஓட்டுகிறவருக்கு நல்ல சாமான். ஆனால் செராமிக் என்ற பேரைக் கேட்டு, விலையுயர்ந்த கார்களில் வரும் கார்பன்-செராமிக் டிஸ்க்கோடு இதற்கு உறவு கற்பிக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு. நம் கதாநாயகனான தினசரி வேகக் காருக்குப் பொருந்துவது, கம்பெனிகள் 'சாலைக்கான உயர்தரம்' என்று தனியாகச் செய்யும் வகை. பெரும்பாலும் அது செமி-மெட்டாலிக்கோ, உலோகம் குறைந்த கலவையோ ஆகும். எந்த உஷ்ணத்திலிருந்து எந்த உஷ்ணம் வரை வேலை செய்யும் என்று பெயருள்ள கம்பெனிகள் வெளியிடுகின்றன. அதில் மேல் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களே அதிகம். கீழ் எண்ணை முதலில் பாருங்கள். அது குளிர்ந்த நிலையிலேயே தொடங்க வேண்டும். பிறகு மேல் எண் ஐந்நூறு அளவில் இருந்தால் கேமரன் இறக்கத்துக்குப் போதும்.

காருடன் வந்த அசல் பேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலை இறங்கி வந்த பின்பும் கருகிய வாடையில்லை, புகையில்லை, மிதி மாறவில்லை என்றால் அசலையே மறுபடி போடுங்கள். காரைச் செய்தவர்கள் அதன் எடையையும் வேகத்தையும் அறிந்துதான் அதைத் தெரிந்தெடுத்தார்கள். எஞ்சினுக்குக் கூடுதல் பலம் ஏற்றியிருந்தாலோ, அடிக்கடி மலையேறினாலோ மட்டும் ஒரு படி மேலே போகலாம்.

பேட்டின் ஓரத்திலோ முதுகிலோ சில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். அவற்றின் இறுதியில் 'எஃப் எஃப்', 'ஜி ஜி', 'ஈ எஃப்' என்பது போல இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படும். இவை அமெரிக்க எஞ்சினியர் சங்க முறைப்படி உராய்வின் அளவைக் குறிப்பவை. முதலெழுத்து சாதாரணச் சூட்டில், அஃதாவது சுமார் இருநூறு டிகிரி வரையில், எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது எழுத்து முந்நூற்று நாற்பது டிகிரி வரை சூடான பின் எவ்வளவு பிடிக்கும் என்பது. ஈ என்றால் 0.25-லிருந்து 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. ஜி பெரிது, ஆகையால் உயர்ந்தது என்று பொருளல்ல. எழுத்து இரண்டும் ஒன்றாயிருப்பதே முக்கியம். முதலில் ஜி, சூட்டில் ஈ என்றிருக்கும் பேட், காலையில் இனிக்கப் பேசி மாலையில் கை விரிக்கும் கூட்டாளி மாதிரி.

இன்னொரு முத்திரை ஐரோப்பியருடையது. வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும், பக்கத்தில் '90 ஆர்' என்று தொடங்கும் இலக்கமும் இருக்கும். ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4, பிரிட்டனுக்கு 11. ஐக்கிய நாட்டுச் சபையின் அந்த வாகன உடன்படிக்கையில் மலேசியா 2006-ல் சேர்ந்தது. நமது எண் 52. தொண்ணூறாம் விதிப்படி, மாற்றிப் போடும் பேட்டின் பிடிப்பு அசலிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லுவோம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. ஆதலால் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. பின் சக்கரம் அளவு மீறிப் பிடித்தால் அது முந்திப் பூட்டிக்கொள்ள, வண்டியின் வால் சுழலும். கையிலிருந்ததென்று பின்னால் மட்டும் கடுமையான பேட்டைப் போடுவது பெரிய தவறு. இக்காலத்துக் கார்களில் ஏ.பி.எஸ். அதைத் தடுக்கப் பார்க்கும். பழைய காரில் அதுவும் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே கம்பெனியின் ஒரே வகையாக இருப்பது நலம். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என்றாலும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்!

வியாபாரிகளாகிய நமக்கு இதில் வேறொரு பொறுப்பும் உண்டு. புகழ்பெற்ற கம்பெனிகளின் பெட்டியைப் போலவே பெட்டி அடித்து, உள்ளே எதையோ வைத்து விற்கும் போலிச் சரக்கு உலகெங்கும் நடமாடுகிறது. கைப்பேசியிலேயே சாமான் வாங்கும் இந்நாளில் அது வாசலுக்கே வந்து சேருகிறது. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, பெட்டியிலும் பேட்டிலும் வேறு வேறு இலக்கம், இரும்புத் தகட்டின் ஓரம் பிசிறு, நம்ப முடியாத மலிவு, இவற்றில் ஒன்று கண்டாலும் சந்தேகப்பட வேண்டும். செய்த ஊரைக் கொண்டு தரத்தை முடிவு செய்வதும் சரியல்ல. நம் சென்னையில் பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் லைனிங் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஐரோப்பியப் பெயர் போட்டு வரும் போலியைவிட அவற்றின் சரக்கு எவ்வளவோ மேல். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் மதரஸாவிலேயே ஓதியது. ஈரத் தானியத்தால் வாங்கியவருக்குக் காசு நஷ்டம். போலி பேட்டால் உயிர் நஷ்டம். தெரிந்து விற்கிறவர் நாளை என்ன பதில் வைத்திருக்கிறாரோ, நாம் அறியோம்.

வாங்க வருகிறவரிடம் கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகளும் இதனால் தெளிவாகும். மலையேறுவீர்களா, மாதத்தில் எத்தனை முறை? எஞ்சினில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா? ஓட்டும் பாதை எது? இந்த மூன்றாவதை அலட்சியம் செய்கிறார்கள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்குவாரி லோரிகளுக்குப் பின்னால் தினம் வருகிறவரின் பேட்டில் சுண்ணாம்புக் கல் தூள் படியும். முன்பு ரப்பர் தோட்டமாயிருந்து இப்போது எண்ணெய்ப்பனையும் வீட்டுமனையுமாகிவிட்ட இடங்களில் செம்மண் பாதை இன்னும் இருக்கிறது. அச்சேறு காய்ந்து பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உப்புத்தாள் போல் உராயும். அத்தகையவர் டிஸ்க்கில் ஓட்டை போட்ட அலங்காரத்துக்கு ஆசைப்படாமல் சாதா டிஸ்க்கோடு இருந்து, வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவுவதே உத்தமம்.

மாற்றும் வேலையை நல்ல போர்மனிடம் விடுங்கள். ஆனால் அருகில் நின்று பாருங்கள். டிஸ்க்கின் மேல் அதன் குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுப் பேட் மட்டும் போதாது. காலிப்பர் வழுக்கும் ஊசிகளைச் சுத்தம் செய்து, உஷ்ணம் தாங்கும் கிரீஸ் பூச வேண்டும். பேட்டின் முகத்தில் ஒரு துளியும் படலாகாது. பின்னால் மின்சாரக் கைப்பிரேக் உள்ள கார்களில், கருவி கொண்டு அதைப் பின்வாங்கச் செய்யாமல் பிஸ்டனை நெம்பினால் உடைந்து போகும். எல்லாம் முடிந்து வண்டியை எடுக்குமுன், மிதி கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதித்தாக வேண்டும். இதை மறந்து பின்னோக்கி எடுத்துச் சுவரில் முட்டிய வண்டிகள் உண்டு.

புதுப் பேட் போட்டவுடன் மலைக்குப் போகாதீர்கள். கூட்டமில்லாத சாலையில் அறுபதிலிருந்து பத்து வரை, நடுத்தர அழுத்தத்தில், முழுதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டிக் குளிரவிட வேண்டும். பேட்டின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிவதற்காக இது. சூடாயிருக்கும்போது மிதியை அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் அதிகம் படிந்து, பின்னால் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான். கம்பெனி வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய்க.

கழற்றிய பழைய பேட்களைக் குப்பையில் போடுமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் தாமதமாகவே வந்திருக்கிறீர்கள். புதிதில் அது பத்து மில்லிமீட்டர் அளவில் இருந்தது. உள்பக்கப் பேட் மிகத் தேய்ந்து வெளிப்பக்கம் தேயாதிருந்தால் ஊசி இறுகியிருக்கிறது. ஒரே பேட் ஆப்புப் போல் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அந்தப் பேட் சூடு தாங்காமல் போயிருக்கிறது. அடுத்ததை ஒரு படி உயர்ந்ததாக வாங்க வேண்டியவர் அவர்தான்.